காவேரிப்பட்டணத்திலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு: மெட்ரோ எதுவரை கைகொடுக்கும்?

தென்பெண்ணைக்கரை எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறோம். டெல்லியில் வேலை பார்க்கும் என் தம்பியின் வீட்டுக்கு அம்மாவையும் பள்ளியில் படிக்கும் என் மகனையும் அழைத்துக்கொண்டு விமானத்தில் செல்ல எண்ணியிருக்கிறேன். அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. மூட்டுவலியால் படியேறச் சிரமப்படுவார். சமதரையில் மெதுவாக நடப்பதில் தொல்லை இல்லை. இதய சிகிச்சைக்காக அவரைப் பெங்களூரு ஜெயதேவா மருத்துவமனையில் காட்டி வருவதால், அடுத்த பரிசோதனையையும் இந்தப் பயணத்தோடு சேர்த்து முடித்துவிட்டு, அன்றிரவு அருகிலேயே தங்கி, மறுநாள் விமானம் ஏறலாம் என்பது என் எண்ணம்.

இதுவரை மருத்துவமனைக்குப் பேருந்தில்தான் சென்றிருக்கிறோம். சில்க் போர்டு சந்திப்பில் நெரிசலில் நின்று அம்மா களைத்துப் போவார். பொம்மசந்திராவிலிருந்து புதிய மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடுகிறது என்றும், அது ஜெயதேவா வாசலிலேயே நிற்கிறது என்றும் ஊரில் சொல்கிறார்கள். அதே மெட்ரோவில் தொடர்ந்து சென்றால் விமான நிலையத்துக்கே போய்விடலாம் என்று ஓர் உறவினர் உறுதியாகக் கூறுகிறார். கைபேசி வரைபடத்திலும் விமான நிலையத்துக்கு அருகில் ஒரு ரயில் நிறுத்தம் தெரிகிறது. இவற்றை நம்பிச் சீட்டு எடுக்கலாமா? அல்லது சென்னைக்குச் சென்று அங்கிருந்து பறப்பது வயதானவர்களுக்கு எளிதாக இருக்குமா? இரண்டு பெரிய பெட்டிகளும் கைப்பைகளும் எங்களிடம் இருக்கும். இந்த வழிகளில் சென்று பழகியவர்கள் சொன்னால் அதன்படி விமானத்தைத் தேர்ந்தெடுப்பேன். இன்னும் சீட்டு எடுக்கவில்லை.

ஓசூர்வாசி எழுதிய பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் உறவினர் சொன்னதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். பெங்களூரு விமான நிலையத்துக்கு மெட்ரோ இன்னும் போகவில்லை. சில்க் போர்டிலிருந்து வெளிவட்டச் சாலை, கிருஷ்ணராஜபுரம், ஹெப்பால் வழியாக விமான நிலையம் வரை சுமார் 58 கிலோமீட்டருக்கு நீல வழித்தடம் கட்டப்பட்டு வருகிறது. அது முடிந்த பிறகு நம் பக்கத்து மக்கள் பொம்மசந்திராவில் ஏறி, சில்க் போர்டில் ஒரே ஒரு முறை வண்டி மாறி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். அதைத்தான் அவர் இப்போதே நடப்பதாக எண்ணியிருக்கக்கூடும். வரைபடத்தில் நீங்கள் பார்த்த ரயில் நிறுத்தம் உண்மையானதே. எலகங்காவிலிருந்து தேவனஹள்ளி வழியாகச் சிக்கபள்ளாப்பூர் செல்லும் பாதையில் 2021 ஜனவரியில் அதைத் திறந்தார்கள். ஆனால் அங்கே நிற்கும் வண்டிகள் மிகச் சில. இறங்கிய பிறகும் முனையத்துக்கு வேறு பேருந்தில் போக வேண்டும். அந்த வண்டியின் நேரமும் உங்கள் விமானத்தின் நேரமும் பொருந்தி வரும் என்று நம்பி முதியவரை அழைத்துச் செல்வதை நான் ஏற்கமாட்டேன்.

மருத்துவமனைக்குப் போவதென்றால் நிலைமை முற்றிலும் வேறு. அதற்கு மஞ்சள் வழித்தடத்தை விடச் சிறந்த வழி இன்று இல்லை என்பேன். 2025 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட இந்தப் பாதை ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 16 நிலையங்கள். ஓசூர் சாலையை ஒட்டி, எலெக்ட்ரானிக் சிட்டி, கூட்லு கேட், பொம்மனஹள்ளி, சில்க் போர்டு, பி.டி.எம். லேஅவுட் என்று நாம் பேருந்தில் நெரிசலோடு கடந்த இடங்கள் எல்லாவற்றையும் இது மேலேயே கடந்துவிடுகிறது. ஜெயதேவா மருத்துவமனை என்ற பெயரிலேயே நிலையம் இருக்கிறது. பொம்மசந்திராவிலிருந்து ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். பாதை திறந்தபோது முழுத் தூரத்துக்குமே கட்டணம் 60 ரூபாய்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு செல்லும் பேருந்தில் ஏறும் முன்பே, பொம்மசந்திராவில் நிறுத்துவார்களா என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அத்திப்பள்ளி, சந்தாபுரா கடந்து, எலெக்ட்ரானிக் சிட்டி உயர்மட்டச் சாலை தொடங்குவதற்கு முன்பாகவே பொம்மசந்திரா வந்துவிடும். இடைநில்லாப் பேருந்துகள் சில அங்கே நிற்க மறுக்கும். அப்படியானால் ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, சந்தாபுரா பக்கம் செல்லும் சாதாரணப் பேருந்தைப் பிடிப்பது நல்லது. இந்தப் பாதை தொடங்கியபோது 25 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான் ஓடியது. புதிய வண்டிகள் சேரச் சேர இடைவெளி குறைந்திருக்கிறது. என்றாலும் மற்ற வழித்தடங்களைப் போல நினைத்தவுடன் வண்டி வரும் என்று எதிர்பார்க்காமல், கொஞ்சம் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. நுழைவாயிலில் நிற்கும் பாதுகாவலரிடம் அம்மாவைக் காட்டிக் கேட்டால் அது எந்தப் பக்கம் என்று வழிகாட்டுவார்.

மருத்துவமனையிலிருந்து மறுநாள் விமான நிலையம் செல்ல இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஜெயதேவாவில் ஏறி ஆர்.வி. ரோட்டில் இறங்கி, வெளியே வராமல் பச்சை வழித்தடத்துக்கு மாறி, மெஜஸ்டிக் சென்று, அங்குள்ள கெம்பேகவுடா பேருந்து நிலையத்தில் விமான நிலையப் பேருந்தைப் பிடிப்பது. இன்னொன்று, ஆர்.வி. ரோட்டில் பச்சை வழித்தடத்துக்கு மாறி எதிர்த்திசையில் ஒரே ஒரு நிலையம் தள்ளியுள்ள பனசங்கரியில் இறங்கி, அங்கிருந்து புறப்படும் விமான நிலையப் பேருந்தில் ஏறுவது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மெஜஸ்டிக் மிகப் பெரிய நிலையம்; ஊதா வழித்தடமும் பச்சை வழித்தடமும் சந்திக்கும் அந்த இடத்தில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். பேருந்து நிலையத்துக்கும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போக வேண்டும். பனசங்கரியில் பேருந்து அங்கிருந்தே புறப்படுவதால் அம்மாவுக்கு உட்கார இடம் நிச்சயம். பெட்டிகளை வைக்கவும் உள்ளே தனித்தட்டு இருக்கிறது. நகரின் தென்கோடியிலிருந்து வடகோடிக்குச் செல்லும் பயணம் என்பதால் நெரிசல் வேளையில் இரண்டு மணி நேரமும் ஆகலாம் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'நம்ம மெட்ரோ' எனப்படும் பெங்களூரு மெட்ரோவில் 60 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம், 15 கிலோ எடை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய பெட்டிக்குத் தனியாகச் சீட்டு கேட்கலாம். விமானத்திலும் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோதான் ஏற்றுவார்கள். ஆகவே இரண்டு பெரிய பெட்டிகளுக்குப் பதிலாக மூன்று நடுத்தரப் பெட்டிகளாக எடுத்துச் செல்வது உங்களுக்கு வசதி. உங்கள் மகனும் ஒன்றை இழுத்து வரலாம்.

மொரப்பூர்ப் பயணி எழுதிய பதில்:

ஓசூர்வாசி மருத்துவமனை வழியைப் பற்றி எழுதியவை அனைத்தும் சரியே. ஆனால் விமானத்தைப் பொறுத்தவரை சென்னையை ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் பெங்களூரு பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரும் அங்கே ஓடுகிறோம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர், சென்னை 250 கிலோமீட்டருக்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் முதியவர்களைக் களைப்படையச் செய்வது கிலோமீட்டர் கணக்கு இல்லை. கடைசிக் கட்டத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எத்தனை முறை ஏறி இறங்குகிறோம் என்பதுதான். சென்னையில் அந்தக் கடைசிக் கட்டம் வெகு எளிது, ஏனென்றால் அங்கே மெட்ரோ விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே செல்கிறது. சின்னமலையிலிருந்து விமான நிலையம் வரையிலான பகுதி 2016 செப்டம்பரிலேயே திறக்கப்பட்டுவிட்டது. நிலையத்திலிருந்து முனையங்களுக்கு மூடிய நடைபாலமும், நின்றபடியே செல்லும் நகரும் நடைபாதையும் இருக்கின்றன. பெட்டியோடு சாலையில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

தருமபுரி மாவட்டத்து மக்கள் சென்னை ரயிலுக்கு மொரப்பூரையோ பொம்மிடியையோ நாடுவது போல, உங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜோலார்பேட்டை சந்திப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சென்னை சென்ட்ரலில் இறங்கியவுடன் கீழேயே மெட்ரோ. அங்கே இரண்டு வழித்தடங்களும் சந்திக்கின்றன. நீங்கள் நீல வழித்தடத்தில் ஏறினால் அண்ணா சாலைக்கு அடியிலேயே சென்று, தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை, கிண்டி, ஆலந்தூர், மீனம்பாக்கம் கடந்து நேரே விமான நிலையத்தில் இறங்கலாம். எங்கும் மாற வேண்டியதில்லை. பச்சை வழித்தடத்தில் தவறி ஏறிவிட்டால் அது கோயம்பேடு சுற்றிப் பரங்கிமலைக்குப் போகும். அப்போதும் பதற வேண்டாம். ஆலந்தூரில் இறங்கி நீல வழித்தட வண்டியைப் பிடிக்கலாம். 2021 பிப்ரவரியில் கட்டணத்தைக் குறைத்த பிறகு எவ்வளவு தூரம் சென்றாலும் அதிகபட்சம் 50 ரூபாய்தான். கைபேசியில் கியூஆர் சீட்டு எடுத்தால் அதிலும் தள்ளுபடி உண்டு.

கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர், பூந்தமல்லி வழியாகக் கோயம்பேடு வரும் பேருந்தில் சென்றால், அங்கே இரண்டு மெட்ரோ நிலையங்கள் இருப்பதைக் கவனியுங்கள். கோயம்பேடு என்ற பெயருள்ள நிலையம் வேறு. பேருந்து நிலையத்தை ஒட்டியிருப்பது புறநகர் பேருந்து நிலையம் என்ற பெயருள்ள நிலையம். வெளியூர்க்காரர்கள் பலர் பெயரைப் பார்த்து முன்னதைத் தேடிக்கொண்டு பெட்டியோடு நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இரு நகரங்களிலும் மெட்ரோ நள்ளிரவில் ஓடுவதில்லை. இரவு 11 மணியளவில் நிறுத்தி அதிகாலையில்தான் மீண்டும் தொடங்குவார்கள். மலிவாக இருக்கிறதே என்று விடியற்காலை 5 மணி விமானத்தை எடுத்துவிட்டால், எந்த ஊர் மெட்ரோவும் உங்களுக்கு உதவாது.

தென்பெண்ணைக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மொரப்பூர்ப் பயணி ஐயா சொன்னதைப் படித்ததும் சென்னையே நல்லது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அம்மாவின் பரிசோதனை பெங்களூருவில்தான் என்பதால், அதை முடித்துவிட்டு மீண்டும் சென்னைக்குப் பயணம் செய்வது அவருக்கு இரட்டை அலைச்சலாகிவிடும். ஆகவே பெங்களூருவிலிருந்தே நண்பகலுக்குப் பின் புறப்படும் விமானத்தைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மருத்துவமனைக்கு மெட்ரோவில் சென்று, மறுநாள் விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் சென்றால் என்ன? கார் ஓட்டுபவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழையபேட்டை எழுதிய பதில்:

சகோதரி, நான் கிருஷ்ணகிரியில் வாடகை வண்டி ஓட்டுகிறேன். மெட்ரோ வந்ததால் என் தொழிலுக்கு நட்டம் என்று எண்ணி எதிராகப் பேசமாட்டேன். உங்களுக்கு எது நல்லதோ அதையே சொல்கிறேன்.

ஊரிலிருந்து விமான நிலையத்துக்கு நேரே செல்பவர்களுக்குத்தான் நம் ஊர் வண்டி பயன்படும். அவர்களை நாங்கள் நகருக்குள்ளேயே கொண்டுபோவதில்லை. ஓசூரில் பிரிந்து பாகலூர், மாலூர், ஹொசகோட்டை, தேவனஹள்ளி என்று சுற்றிக்கொண்டு போய்விடுவோம். தூரம் சற்றுக் கூடினாலும் சில்க் போர்டையும் ஹெப்பாலையும் தொடாமல் செல்வதால் நேரம் தவறாது. வண்டி பேசும்போது கர்நாடக மாநில வரியும் சுங்கச்சாவடிக் கட்டணமும் சேர்ந்த தொகையா, தனியா என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பின்னால் வரும் மனக்கசப்புகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

உங்கள் நிலை வேறு. மருத்துவமனைப் பகுதியில் ஓர் இரவு தங்கப்போகிறீர்கள் என்றால் இங்கிருந்து வண்டியை வரவழைப்பது வீண்செலவு. வண்டி காத்திருக்கும் நேரத்துக்கும், ஓட்டுநர் இரவு தங்குவதற்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும். அங்கேயே செயலி வழியாக ஒரு காரை அமர்த்திக்கொள்ளுங்கள், அல்லது ஓசூர்வாசி சொன்ன பனசங்கரிப் பேருந்தில் செல்லுங்கள். மூவர் செல்வதால் பேருந்துக் கட்டணத்துக்கும் காருக்கும் உள்ள வேறுபாடு தனியாளுக்கு இருப்பது போல அவ்வளவு பெரிதாக இராது. அம்மாவின் உடல்நிலை அன்று காலையில் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எதில் சென்றாலும் விமானம் புறப்படும் நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்பாகத் தங்குமிடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். மழை பெய்தால் அந்த நகரத்தில் சாலைப் பயணத்துக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது.

இன்னொன்றையும் மறக்காமல் பாருங்கள். பெங்களூருவில் இப்போது இரண்டு முனையங்கள் இருக்கின்றன. இரண்டாம் முனையம் 2022 நவம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. உங்கள் விமானம் எந்த முனையத்தில் என்பது சீட்டில் அச்சாகியிருக்கும். அதை ஓட்டுநரிடமோ பேருந்து நடத்துநரிடமோ ஏறும்போதே சொல்லிவிட்டால், தவறான வாசலில் இறங்கி அம்மாவை அலையவைக்க நேராது. சக்கர நாற்காலி வேண்டும் என்பதைச் சீட்டு எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிடுங்கள். நடக்க முடிகிறதே என்று தயங்க வேண்டாம். பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு விமானம் ஏறும் வாயில் வரை வெகு தூரம் நடக்க வேண்டியிருக்கும்.

அதியமான்கோட்டை எழுதிய பதில்:

இங்கே எல்லோரும் புறப்படும் நகரத்தைப் பற்றியே எழுதியிருப்பதால், சென்று சேரும் நகரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம் என்றாலும் வேலை காரணமாக டெல்லியில் வசிக்கிறேன். நீங்கள் பெங்களூருவில் எதிர்பார்த்த விமான நிலைய ரயில் உண்மையில் இங்கேதான் இருக்கிறது. விமான நிலைய விரைவு மெட்ரோ என்ற அந்தப் பாதை 2011 பிப்ரவரியில் தொடங்கியது. மூன்றாம் முனையத்துக்குக் கீழே ஏறினால் சுமார் இருபதே நிமிடத்தில் புது டெல்லி ரயில் நிலையத்தை அடைந்துவிடலாம். இடையில் நிற்கும் நிலையங்கள் மிகக் குறைவு. பெட்டி வைக்க இடமும் உண்டு. நெரிசலும் மற்ற வழித்தடங்களைப் போல் இராது.

ஆனால் எல்லா விமானங்களும் மூன்றாம் முனையத்துக்கு வருவதில்லை. முதலாம் முனையம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே விரைவு மெட்ரோ கிடையாது. அந்த முனையத்துக்கு மெஜந்தா வழித்தடத்தில் தனி நிலையம் இருக்கிறது. அது சாதாரண மெட்ரோ என்பதால் காலையிலும் மாலையிலும் கூட்டம் இருக்கும். ஆகவே விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெங்களூருவில் எந்த முனையம் என்று பார்ப்பதோடு நிற்காமல், டெல்லியில் எந்த முனையத்தில் இறங்குகிறது என்பதையும் பாருங்கள். நேரமும் விலையும் ஒத்து வந்தால் மூன்றாம் முனையத்துக்கு வரும் விமானத்தையே எடுங்கள்.

உங்கள் தம்பி விமான நிலையத்துக்கு வந்து அழைத்துச் செல்வார் என்றால் இவையெல்லாம் தேவைப்படாது. அவர் வேலை நாளில் வர இயலாது என்றால், புது டெல்லி விரைவு மெட்ரோ நிலையத்தின் வெளிவாயிலில் காத்திருக்கச் சொல்லுங்கள். அந்த வாயில் ரயில் நிலையத்தின் அஜ்மீரி கேட் பக்கத்தில் இருக்கிறது. எதிர்ப்புறமான பஹார்கஞ்ச் பக்கத்தில் அவர் நின்றுவிட்டால் தண்டவாளங்களைக் கடக்கும் நீண்ட நடைமேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். அதை அம்மாவால் செய்ய முடியாது.